மருந்துக் கடைப் பலகையில் செஞ்சிலுவை போடலாமா?

கேள்வி: அடுத்த மாதம் மருந்துக் கடை திறக்க இருக்கிறேன். பெயர்ப்பலகையில் வெள்ளைப் பின்னணியில் சிவப்புக் கூட்டல் குறியும் வரைந்தாகிவிட்டது. அது செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னம், போடக் கூடாது என்கிறார் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார். ஊரில் பாதிக் கடைகளில் அது இருக்கிறதே, உண்மையிலேயே தடை உண்டா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: உங்கள் மாமனார் சொல்வது சரி. வெள்ளைப் பரப்பின் நடுவே சம அளவுக் கைகளுடன் அமைந்த சிவப்புச் சிலுவையையும், 'ரெட் கிராஸ்', 'ஜெனீவா கிராஸ்' என்னும் பெயர்களையும் மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் எவரும் எந்த நோக்கத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது என்று 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம், 12-ஆவது பிரிவில் கூறுகிறது. சிலுவையின் முனைகளைச் சற்றே வளைத்துவிட்டால் போதும் என்று ஓவியர் யோசனை சொல்லக்கூடும்; பார்ப்பவர் அதுவென்றே மயங்கும்படி ஒத்திருக்கும் வடிவங்களுக்கும் அதே பிரிவு பொருந்தும். நிறத்தைத் திருப்பிச் சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்டாலோ அது சுவிட்சர்லாந்தின் சின்னமாகிவிடும். அதற்கும் தடை உண்டு. மீறுவோருக்கு 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சின்னம் இடப்பட்ட பொருள்களையும் பறிமுதல் செய்யலாம். 1960-இல் 500 ரூபாய் பெருந்தொகை. இன்றோ அது பலகை எழுதும் கூலிக்கே காணாது. பாதிக் கடைகளில் இந்தச் சின்னம் துணிச்சலாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஒரு வணிக நிறுவனம் தன் முத்திரையைக் காத்துக்கொள்வது போன்றதன்று இந்தத் தடை. 1864-இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், போர்க்களத்தில் காயம்பட்டோரைக் கவனிக்கும் மருத்துவர்களையும் வண்டிகளையும் சுடாமல் விடுவதற்கான அடையாளமாகவே இச்சின்னத்தை ஏற்றன. துப்பாக்கி ஏந்தியவன் தொலைவிலிருந்து ஒரு நொடி பார்த்து முடிவெடுக்க வேண்டிய குறி அது. மருந்துக் கடை, கிளினிக், டாக்டர் வீட்டுக் கார் என்று எல்லா இடத்திலும் அது ஒட்டப்பட்டிருந்தால், அந்த ஒரு நொடியில் அதற்கு இருக்கும் மதிப்பு போய்விடும். உங்கள் மாமனாருக்கு இது ராணுவத்திலேயே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கும்.

பலகையை வீணாக்க வேண்டியதில்லை. சிவப்பின் மேல் பச்சை வண்ணம் பூசச் சொல்லுங்கள். பச்சைச் சிலுவைக்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து ரத்ததான முகாம் நடத்துகிறது. செலவை ஏற்கும் ஜவுளிக் கடை, தன் பெயரோடு சங்கத்தின் லோகோவையும் துணிப்பைகளில் அச்சிட்டுக் கடையில் விற்க விரும்புகிறது. சங்கத்தின் மாவட்டக் கிளையில் வாய்மொழியாகச் சம்மதம் பெற்றால் போதுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: போதாது. ஒவ்வொரு நாட்டிலும் உள்ள செஞ்சிலுவைச் சங்கம், அதாவது தேசியச் சங்கம், சின்னத்தைக் கையாள்வதற்கென 1991-இல் திருத்தி வகுக்கப்பட்ட சர்வதேச விதிமுறைகள், நன்கொடை தரும் நிறுவனம் தன் விளம்பரத்தில் சங்கத்துக்கு உதவியதைக் குறிப்பிட இடம் தருகின்றன. ஆனால், விற்பனைக்கு வரும் பொருளின் மேல் அந்த நிறுவனம் சின்னத்தை இடக் கூடாது. ஆகவே பை விற்பனையை மறந்துவிடுங்கள். முகாமுக்கான பேனரில் லோகோ இடம்பெறலாம் என்றாலும், எதன் மேல், எந்த இடத்தில், எந்த அளவில் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது சங்கமே தவிர, கடையோ உங்கள் மன்றமோ அன்று. அனுமதி இந்த ஒரு முகாமுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டுமே உரியது. எழுத்து வடிவ ஒப்பந்தமும் சங்கத் தலைமையின் ஒப்புதலும் தேவை. கடையின் துணிக்குச் சங்கமே தரச் சான்று தந்ததுபோன்ற எண்ணம் வாங்குவோருக்கு வரலாகாது என்பதே இவற்றின் அடிப்படை. மாவட்டக் கிளைக்குத் தலைவர் ஆட்சியர்தான். பேனரின் மாதிரியை இணைத்து முதலில் அங்கே கடிதம் கொடுங்கள்.

கேள்வி: வாடகைக்கு ஓடும் என் ஆம்புலன்சில் செஞ்சிலுவை போட அனுமதி கிடைக்குமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கிடைக்காது. அமைதிக் காலத்தில் ஆம்புலன்சுக்கும் முதலுதவி நிலையத்துக்கும் விதிவிலக்காகச் சின்னம் தர போரில் காயம்பட்ட வீரர்களைக் காப்பதற்கான 1949-ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை இடம் தருகிறது. ஆனால், தேசியச் சங்கத்தின் வெளிப்படையான அனுமதி வேண்டும், சிகிச்சையும் இலவசமாக இருக்க வேண்டும். வாடகை வாங்கும் வண்டிக்கு 'ஆம்புலன்ஸ்' என்ற எழுத்தே போதும்.