வளாக வானொலி மாணவ நிருபர்களின் பாதுகாப்பு: கேள்வி பதில்

இராணிப்பேட்டை மாணவி: தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைப் பற்றி எங்கள் கல்லூரி வானொலிக்கு நிகழ்ச்சி தயாரிக்கிறோம். பதிவுக்குச் செல்லும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: ஆள்களைவிடக் காற்றுக்கு முதலில் அஞ்சுங்கள். தோலின் மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு, அமிலம் கலந்த கழிவுநீருடன் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அழுகிய முட்டை நாற்றம் வீசும்வரை அது எச்சரிக்கிறது. அடர்த்தி கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு அகன்றுவிட்டதென்று எண்ணிக் குனிபவர் விழுகிறார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். ஆகவே குமிழிச் சத்தத்துக்காக ஒலிவாங்கியைத் தொட்டிக்குள் நீட்டாதீர்கள். 2015 ஜனவரி இறுதியில் உங்கள் ஊர் சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுவரோரமும் நேர்காணலுக்குரிய இடமன்று. தொழிலாளரை அவர் வீட்டில் சந்தியுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

பள்ளிகொண்டா மாணவர்: பாலாற்றில் மணல் அள்ளுவோர் ஒலிப்பதிவுக் கருவியைப் பறித்தால் என்ன செய்வது?

பதில்: கொடுத்துவிட்டு விலகுங்கள், பிறகு 112-ஐ அழையுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

ஆற்காடு மாணவர்: கல்லூரி அடையாள அட்டை காட்டினால் போதாதா?

பதில்: இதையே இன்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். போதாது. மிரட்ட வருபவர் அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதில்லை. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

காட்பாடி ஆசிரியர்: கல்லூரி வானொலியும் சேர்ந்த சமுதாய வானொலி, தானே திரட்டிய செய்தியை ஒலிபரப்ப விதி இடம் தரவில்லையே. பிறகு இவர்களை எப்படி நிருபர்கள் என்கிறீர்கள்? அனுப்பாமலிருப்பதே பாதுகாப்பு.

பதில்: ஐயா, தடையை நானும் அறிவேன். 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வானொலி தொடங்கிய காலத்திலிருந்தே அது இருக்கிறது. ஆனால் கிணற்றுநீர் ஏன் கெட்டது என்று ஊராரைப் பேசவைப்பதும், குடிக்கத் தகுந்த நீரைப் பற்றிச் சொல்வதும் சமுதாய வானொலியின் பணியே. அந்தப் பேச்சுக்காக அலையும் பிள்ளைக்கு நிருபரின் ஆபத்து எல்லாம் உண்டு, நிருபரின் பெயர் மட்டும் இல்லை. பத்திரிகை அலுவலகம் தன் நிருபருக்காகக் காவல் நிலையம் வரை வரும். உங்கள் மாணவிக்காக யார் வருவார்? அந்தப் பொறுப்பைக் கல்லூரி எழுத்தில் ஏற்க வேண்டும் என்பதே என் வாதம்.

அதே ஆசிரியர்: அப்படியெனில் கல்லூரிமீதே வழக்கு வருமே?

பதில்: வரலாம். அதற்காகப் பொறுப்பை மாணவியின் தலையில் இறக்கிவைப்பதை நான் ஏற்க மாட்டேன். நிலையம் நூறு வாட் அளவிலேயே ஒலிபரப்பட்டும், பேசியவர் குரலை அண்டை வீட்டார் அடையாளம் காண அதுவே போதும். ஒலிபரப்பியதை மூன்று மாதம் காத்துவைக்க வேண்டும் என்பதும் விதி. எனவே அஞ்சுபவரின் பெயரை ஒலிப்பதிவில் கேட்காமல், தனித்தாளில் குறித்துக்கொள்ளப் பழக்குங்கள்.

ஆம்பூர் மாணவி: அவதூறு வழக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. என்ன பதில் எழுதலாம்?

பதில்: நீங்களாக ஒரு வரியும் எழுதாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. அங்கும் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.