கேள்வி – பதில்: கேமராவுக்கு அடியில் சிக்கும் பட்டன்கள்

செயலிகளின் திரை அமைப்பு பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: நாட்ச் (கேமராவுக்காகத் திரை விளிம்பில் வெட்டிய பகுதி), கேமராத் துளை, வளைந்த மூலை, கீழே உள்ள ஹோம் கோடு (முகப்புக்குப் போக மேலே இழுக்கும் கோடு). இவற்றில் எதுவும் படாத பகுதியைத்தான் 'சேஃப் ஏரியா' என்கிறோம். இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: யூனிட்டி என்ற மென்பொருளில் ஒரு விளையாட்டு செய்திருக்கிறேன். ஸ்கோரும் பாஸ் பட்டனும் திரையின் மேல்பக்கம் இருக்கின்றன. நாட்ச் உள்ள போனில் பட்டன் பாதி மறைந்தது. எல்லாவற்றையும் 100 பிக்சல் கீழே இறக்கினேன். அந்தப் போனில் சரியாகிவிட்டது. பழைய போனில் மேலே வெற்றிடம் தெரிகிறது, வேறொரு போனில் இன்னமும் மறைகிறது. எந்த எண்ணைப் போட்டால் எல்லாவற்றிலும் சரியாக வரும்?

பதில்: அப்படி ஓர் எண் கிடையாது. ஐபோன்களை மட்டும் பாருங்கள். ஹோம் பட்டன் உள்ள மாடல்களில் மேலே 20 பாயிண்ட் (ஐபோன் திரை அமைப்பின் அளவு அலகு) விட்டால் போதும். 2017இல் வந்த ஐபோன் எக்ஸில் அது 44, ஐபோன் 12இல் 47, டைனமிக் ஐலண்ட் (கேமராவைச் சுற்றிய மாத்திரை வடிவக் கறுப்புப் பகுதி) உள்ள 14 ப்ரோவில் 59. கீழே ஹோம் பட்டன் மாடல்களில் 0, மற்றவற்றில் நிமிர்ந்த நிலையில் 34. ஆண்ட்ராய்டில் துளை நடுவிலும் இருக்கும், மூலையிலும் இருக்கும், ஆழமும் மாடலுக்கு மாடல் மாறும். அதனால் எண்ணை நாம் எழுதி வைக்கக் கூடாது. செயலி ஓடும்போது போனிடமே கேட்டு வாங்க வேண்டும்.

யூனிட்டியில் அதைத் தருவது 'ஸ்கிரீன்.சேஃப்ஏரியா'. இது ஒரு செவ்வகம். அளவு உண்மையான திரைப் பிக்சலில் வரும், கணக்கு இடது கீழ் மூலையிலிருந்து தொடங்கும். உங்கள் 100 தவறியதற்கு இன்னொரு காரணமும் இங்கே இருக்கிறது. பட்டன்கள் நிற்கும் பரப்புதான் கேன்வாஸ். அதன் கேன்வாஸ் ஸ்கேலரைத் திரைக்கேற்ப அளவை மாற்றும் நிலையில் வைத்திருந்தால், கேன்வாஸில் நீங்கள் எழுதும் 100 திரையின் 100 பிக்சல் அல்ல. திரைக்கேற்ப அது பெருக்கப்படுகிறது. ஆகவே சேஃப் ஏரியாவின் பிக்சலை அப்படியே ஆஃப்செட்டில் (ஓரத்திலிருந்து தள்ளும் தூரம்) போட்டாலும் தவறும். விகிதமாக மாற்றி ஆங்கரில் (பேனலின் ஓரங்கள் எந்த விகிதத்தில் நிற்க வேண்டும் என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண்கள்) போடுவதே வழி.

கேன்வாஸுக்கு நேர் கீழே ஒரு காலிப் பேனல் உருவாக்குங்கள். நான்கு பக்கமும் ஸ்ட்ரெச், ஆஃப்செட் எல்லாம் பூஜ்யம். ஸ்கோர், பாஸ் பட்டன், மெனு எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். பின்னணிப் படத்தை மட்டும் அதற்கு வெளியே, கேன்வாஸின் நேரடிப் பிள்ளையாக விடுங்கள். பிறகு ஸ்கிரிப்டில் செவ்வகத்தின் தொடக்கப் புள்ளியைத் திரையின் அகலம், உயரத்தால் வகுத்து ஆங்கர்மின்னிலும், முடிவுப் புள்ளியை அதேபோல் வகுத்து ஆங்கர்மேக்ஸிலும் போடுங்கள்.

ஐபோன் எக்ஸை நிமிர்த்திப் பிடித்தால் திரை 1125 × 2436 பிக்சல். ஒரு பாயிண்டுக்கு 3 பிக்சல் என்பதால் கீழே 102, மேலே 132 போகிறது. செவ்வகம் 102இல் தொடங்கி 2304இல் முடிகிறது. ஆங்கர்மின் உயரம் 102 ÷ 2436 = 0.042, ஆங்கர்மேக்ஸ் உயரம் 2304 ÷ 2436 = 0.946. அகலம் 0 முதல் 1 வரை. உங்கள் ஸ்கிரிப்ட் இதே எண்களைத் தருகிறதா என்று சிமுலேட்டரில் அச்சிட்டுப் பாருங்கள்.

இனி, வழக்கமாகக் கோட்டை விடும் இடங்கள். ஸ்கிரிப்டை ஒரு பேனலில் மட்டும் போடுங்கள். அதற்குள் இருக்கும் இன்னொரு பேனலிலும் போட்டால், ஏற்கெனவே சுருங்கிய இடம் மறுபடி சுருங்கும். செவ்வகத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் படித்துவிட்டு விடவும் கூடாது. போனைப் படுக்கையாகப் பிடித்து, அப்படியே 180 பாகை திருப்பினால் அகலமும் உயரமும் மாறுவதில்லை. ஆனால் நாட்ச் இடமிருந்து வலத்துக்குப் போய்விடுகிறது. திரையளவு மாறியதா என்று மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் இதைத் தவறவிடும். முந்தைய செவ்வகத்தோடு ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒப்பிடுங்கள். நான்கு எண்களை ஒப்பிடுவதால் வேகம் குறையாது. கடைசியாக, ஆண்ட்ராய்டு பிளேயர் செட்டிங்ஸில் 'ரெண்டர் அவுட்சைட் சேஃப் ஏரியா' அணைந்திருந்தால் நாட்ச் பக்கம் கறுப்புப் பட்டையாகிவிடும். அதை இயக்கி வையுங்கள்.

கேள்வி: ஐபோனைப் படுக்கையாகப் பிடித்தால் நாட்ச் இல்லாத பக்கத்திலும் இடம் விடுகிறதே. அது பிழையா?

பதில்: பிழை இல்லை. ஐபோன் எக்ஸ் படுக்கையாக இருக்கும்போது இடம், வலம் இரண்டிலும் 44, கீழே 21, மேலே 0 பாயிண்ட் தரும். எந்தப் பக்கம் திருப்பினாலும் திரை ஒரே மாதிரி இருக்கட்டும் என்ற ஏற்பாடு அது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் துளை உள்ள பக்கத்துக்கு மட்டுமே அளவு வரும். ஐபோனில் மட்டும் சோதித்துவிட்டு இடப்பக்க அளவையே வலப்பக்கத்துக்கும் போடுபவர்கள் ஆண்ட்ராய்டில் மாட்டிக்கொள்வது இதனால்தான். நான்கு பக்கத்தையும் தனித்தனியாகவே எடுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டு செயலியின் டார்கெட்டை (எந்த ஆண்ட்ராய்டுப் பதிப்பின் விதிகளுக்காக எழுதியது என்று சொல்லும் எண்) 35 ஆக்கியதும் டூல்பார் ஸ்டேட்டஸ் பாருக்கு அடியில் போய்விட்டது. 'சேமி' பட்டன்மேல் நேவிகேஷன் பார் உட்கார்ந்திருக்கிறது. நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

பதில்: நீங்கள் மாற்றவில்லை, விதி மாறியிருக்கிறது. டார்கெட் 35 உள்ள செயலியை ஆண்ட்ராய்டு 15 விளிம்பு முதல் விளிம்புவரை வரையவைக்கிறது. ஸ்டேட்டஸ் பார் ஒளிபுகும் தன்மை பெறுகிறது, அதற்கு நிறம் கொடுக்கும் பழைய அழைப்பு அங்கே வேலை செய்யாது. இதிலிருந்து விலக தீமில் ஒரு பண்பு இருக்கிறது. டார்கெட் 36க்குப் போனதும் ஆண்ட்ராய்டு 16 அதைக் கண்டுகொள்ளாது. எனவே அந்தக் குறுக்குவழியில் நேரம் செலவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

செய்ய வேண்டியது: வேர் வியூவில் (திரையின் எல்லாப் பகுதிகளையும் தாங்கும் வெளிக்கூடு) விண்டோ இன்செட்ஸ் கேட்பானை வையுங்கள். இன்செட் என்பது ஓரத்தில் விட வேண்டிய இடத்தின் அளவு, அதைப் பெற்றுத் தரும் நிரல்தான் கேட்பான். அதில் 'சிஸ்டம்பார்ஸ்' (ஸ்டேட்டஸ், நேவிகேஷன் பார்கள்), 'டிஸ்ப்ளேகட்அவுட்' (நாட்ச், துளை) இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். முதலாவதை மட்டும் கேட்டால் நிமிர்ந்த நிலையில் எல்லாம் சரியாகத் தெரியும், படுக்கையாகத் திருப்பியதும் பக்கவாட்டுத் துளை எழுத்தை விழுங்கும். மேல் அளவை டூல்பாரின் பேடிங்கில் (உள் இடைவெளி) சேருங்கள், வெளி மார்ஜினில் அல்ல. பேடிங்கில் சேர்த்தால்தான் டூல்பாரின் நிறம் ஸ்டேட்டஸ் பாரின் பின்னாலும் பரவும். டூல்பாரின் உயரம் 56 டிபி (ஆண்ட்ராய்டின் அளவு அலகு) என்று நிலையாக எழுதியிருந்தால் அதையும் 'உள்ளடக்க அளவு' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் தலைப்பு நசுங்கும்.

இந்தக் கேட்பான் பலமுறை அழைக்கப்படும். 'இருக்கும் பேடிங் + இன்செட்' என்று எழுதினால் ஒவ்வொரு அழைப்பிலும் பேடிங் ஏறிக்கொண்டே போகும். திரையைச் சில தடவை திருப்பினால் டூல்பார் பாதித் திரைக்கு இறங்கியிருக்கும். தொடக்கப் பேடிங்கை ஒருமுறை சேமித்து வைத்து, எப்போதும் அதனோடு மட்டும் கூட்டுங்கள். அதேபோல் கேட்பானிலிருந்து 'கன்ஸ்யூம்டு' (பயன்படுத்தியாயிற்று) என்று திருப்பி அனுப்பினால், ஆண்ட்ராய்டு 10 வரையிலான பதிப்புகளில் பக்கத்து வியூக்களுக்கு அளவே போய்ச் சேராது. வந்த இன்செட்ஸை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

நீண்ட பட்டியல் இருந்தால் கீழ் அளவை அதன் பேடிங்கில் கொடுத்து, 'கிளிப்டுபேடிங்'கை ஃபால்ஸ் ஆக்குங்கள். உருட்டும்போது வரிகள் நேவிகேஷன் பாரின் பின்னால் ஓடும், கடைசி வரி மட்டும் அதற்கு மேலே வந்து நிற்கும். கம்போஸில் (ஆண்ட்ராய்டில் திரை அமைக்கும் கருவி) எழுதுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஸ்காஃபோல்ட் (திரையின் அடிப்படைச் சட்டகம்) தரும் உட்பேடிங்கை உள்ளடக்கத்துக்குக் கொடுத்திருக்கிறீர்களா?

கேள்வி: இணையப் பக்கத்தில் சேஃப்-ஏரியா-இன்செட்-பாட்டம் (அடியில் விட வேண்டிய இடத்தின் அளவு) எப்போதும் 0 என்றே வருகிறது.

பதில்: வியூபோர்ட் மெட்டாவில் 'வியூபோர்ட்-ஃபிட்=கவர்' இருக்கிறதா? இல்லையென்றால் உலாவியே பக்கத்தைச் சேஃப் ஏரியாவுக்குள் அடைத்துவிடுகிறது. அப்புறம் விட வேண்டிய இடம் எதுவுமில்லை, அதனால்தான் 0. கவர் போட்டதும் எண் வரும்.

வந்த பிறகு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கீழே ஒட்டி நிற்கும் பட்டையின் உயரம் 56 பிக்சல், பாக்ஸ்-சைஸிங் பார்டர்-பாக்ஸ் (பேடிங்கும் உயரத்துக்குள்ளேயே அடங்கும்) என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப் பேடிங்காக 34 சேர்த்தால் ஐகான்களுக்கு மிஞ்சுவது 22 பிக்சல்தான். உயரத்தையும் 56 + இன்செட் என்று கேல்க் மூலம் கொடுங்கள். தனியாக மிதக்கும் பட்டனுக்கு 16 பிக்சல், இன்செட் இரண்டில் பெரியதை மேக்ஸ் மூலம் எடுத்தால் போதும். கூட்டினால் 50 ஆகி, பட்டன் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரியும்.

கேள்வி: ஃப்ளட்டரில் (செயலி உருவாக்கும் கருவி) கீபோர்டு திறக்கும்போது அனுப்பு பட்டனுக்கும் கீபோர்டுக்கும் நடுவே தேவையில்லாத இடைவெளி வருகிறது. அளந்து பார்த்தேன், சரியாக 34.

பதில்: அளந்தது நல்லது, விடை அந்த எண்ணிலேயே இருக்கிறது. வியூஇன்செட்ஸின் (கீபோர்டு மறைக்கும் இடம்) கீழ் அளவு திரையின் அடிவிளிம்பிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஹோம் கோட்டுக்கான 34 அதற்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. நீங்கள் வியூபேடிங்கையும் (ஹோம் கோடு, நாட்ச் போன்றவற்றுக்கான இடம்) அதனோடு கூட்டியிருக்கிறீர்கள். வியூபேடிங் கீபோர்டு திறந்தாலும் 34ஆகவே நிற்கும். 'பேடிங்' என்ற இன்னொரு அளவு மட்டும்தான் அப்போது 0 ஆகும். கூட்டுவதை விட்டு, இரண்டில் பெரியதை எடுங்கள். ஆண்ட்ராய்டில் ஐஎம்இ (கீபோர்டு) இன்செட்டையும் நேவிகேஷன் பாரையும் கூட்டினால் இதே கோளாறுதான்.

கேள்வி: எங்கள் செயலியில் வலது ஓரத்தில் ஒரு ஸ்லைடர். சேஃப் ஏரியாவுக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் இழுத்தால் முந்தைய திரைக்குப் போய்விடுகிறது.

பதில்: சேஃப் ஏரியா கண்ணுக்குத் தெரியாமல் மறைவதைத்தான் தடுக்கும். விரல் இழுப்பை அது காக்காது. ஆண்ட்ராய்டு 10இல் வந்த சைகை வழிசெலுத்தலில் இரு பக்க ஓரமும் 'பின்செல்' சைகைக்குச் சொந்தம். அந்தப் பட்டையின் அகலத்தை 'சிஸ்டம்ஜெஸ்சர்ஸ்' என்ற தனி இன்செட் சொல்லும். ஸ்லைடரின் முனைகளை அதற்கு உள்ளே தள்ளுங்கள். தள்ளவே முடியாத வடிவமைப்பு என்றால் சைகை விலக்குச் செவ்வகம் கொடுக்கலாம். ஆனால் ஓர் ஓரத்துக்கு மொத்தம் 200 டிபி உயரம்தான் அனுமதி. 400 டிபி ஸ்லைடருக்குக் கேட்டால் பாதிதான் கிடைக்கும், மீதிப் பாதியில் பழைய தொல்லையே. அடிவிளிம்பின் ஹோம் சைகையை இப்படி விலக்க முடியாது.

ஐபோனில் குறிப்பிட்ட ஓரத்தின் சைகையைத் தள்ளிப்போடச் சொல்லலாம். முதல் இழுப்பு செயலிக்கும், அடுத்தது போனுக்கும் போகும். விளையாட்டுக்கு அது பொருந்தும், படிவம் நிரப்பும் செயலியில் வேண்டாம்.

கேள்வி: எங்களிடம் இரண்டே போன்கள். எப்படிச் சோதிப்பது?

பதில்: ஒரு ஆண்ட்ராய்டு போனே பல போன்களின் வேலையைச் செய்யும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டிஸ்ப்ளே கட்அவுட்' என்று ஓர் அமைப்பு உண்டு. மூலைத் துளை, இரட்டைத் துளை, நீண்ட நாட்ச் என்று மாற்றி மாற்றிப் போலி நாட்ச் வைத்துப் பார்க்கலாம். ஐபோனுக்கு எக்ஸ்கோட் சிமுலேட்டரில் மூன்று மாடல் போதும்: ஹோம் பட்டன் உள்ளது ஒன்று, நாட்ச் உள்ளது ஒன்று, டைனமிக் ஐலண்ட் உள்ளது ஒன்று. யூனிட்டியில் டிவைஸ் சிமுலேட்டர் எடிட்டருக்குள்ளேயே இருக்கிறது.

ஹோம் பட்டன் மாடலைப் பழசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். கீழ் இன்செட் 0 வரும்போது பட்டன் அடிவிளிம்பில் ஒட்டிக்கொள்வது அதில் மட்டுமே தெரியவரும்.

ஒவ்வொன்றிலும் நிமிர்ந்த நிலை, இரு படுக்கை நிலைகள், கீபோர்டு திறந்த நிலை ஆகியவற்றைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் கூடுதலாக மூன்று பட்டன் வழிசெலுத்தலிலும் சைகை வழிசெலுத்தலிலும் ஒருமுறை, திரையை இரண்டாகப் பிரித்து ஒருமுறை. டீபக் பில்டில் (சோதனைக்கான பதிப்பு) சேஃப் ஏரியாவைச் சுற்றி 2 பிக்சல் சிவப்புக் கோடு வரையவைத்தால் வேலை சுலபம். கோட்டுக்கு வெளியே எழுத்தோ பட்டனோ நீட்டிக்கொண்டிருந்தால் உடனே தெரியும். பின்னணிப் படம் கோட்டோடு நின்றுபோனாலும் தெரியும், அதுவும் சரிசெய்ய வேண்டிய பிழைதான்.