சைலண்ட் வேலியில் ‘கேரண்டி’ கிடையாது

கேள்வி: மே மாதம் இரண்டு பிள்ளைகளோடு சைலண்ட் வேலி போகிறோம். புதுச்சேரி ஏஜென்ட் ஒருவர் ‘சிங்கவால் குரங்கு கேரண்டி, தனி ஜீப், நைட் சஃபாரி’ என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கொடுக்காதீர்கள். மூன்றில் இரண்டு பொய்; ஜீப் மட்டும் பாதி உண்மை.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், 1984-இல் தேசியப் பூங்காவான காடு அது. இருட்டிய பிறகு சுற்றுலாப் பயணிக்கு அங்கே வேலையில்லை. ‘நைட் சஃபாரி’ என்று கூட்டிப்போனால் பூங்காவுக்கு வெளியே ரோட்டோரம் டார்ச் அடிப்பார்கள், அவ்வளவுதான். ஜீப்பும் அவருடையதல்ல. பூங்காவுக்கு நுழைவிடமான முக்காலி என்ற ஊரில் வனத்துறை அனுமதி பெற்ற வண்டியில் ஏறி, வழிகாட்டியோடு, காட்டுக்குள் 23 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சைரந்திரி வரை போவதுதான் எல்லோருக்கும் உள்ள ஒரே வழி. சொந்தக் காரை முக்காலியிலேயே நிறுத்த வேண்டும். ஆனைமலை டாப்ஸ்லிப்புக்கு ஒரு நடைமுறை, முக்காலிக்கு இன்னொன்று, அதையும் நாலு பேரிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வைத்திருந்தால் தரகர் பிழைக்காமல் என்ன செய்வார்?

புதுச்சேரி–மங்களூரு ரயிலில் பாலக்காட்டில் இறங்கி, மன்னார்க்காடு வழியாக முக்காலிக்குப் போங்கள். முதல்நாள் இரவே பக்கத்தில் தங்கி, காலையில் கிளம்பும் முதல் ஜீப்பைப் பிடியுங்கள். வெயில் ஏறினால் குரங்கும் பறவையும் அடங்கிவிடும்.

இனி குரங்கு. மழைக்காட்டில் மரங்கள் 30 மீட்டருக்கு மேல் போகும்; சிங்கவால் குரங்கு பெரும்பாலும் உச்சிக்கிளையில்தான் நடமாடும். வெடிப்பலா பழுத்திருக்கும் மரத்தடியில் பொறுமையாக நின்றால் வாய்ப்பு கூடும். இங்கேதான் ஏமாற்று: அதே காட்டில் இருக்கும் இன்னொரு கருப்புக் குரங்கான கருமந்தியைக் காட்டி ‘இதுதான் சார்’ என்பார்கள். கருமந்திக்கு வால் உடம்பைவிட நீளம், தலைமுடி பழுப்பு மஞ்சள். சிங்கவாலுக்கு முகத்தைச் சுற்றி வெள்ளி நரைப் பிடரி. வால் குட்டை, நுனியில் குஞ்சம்.

பார்த்தே தீர வேண்டுமென்றால் ஒரு விதிவிலக்கு உண்டு: வால்பாறை புதுத்தோட்டம். தோட்டங்களுக்கு நடுவே துண்டாகிப்போன காட்டில் சிக்கிய கூட்டம் அது. அடுத்த மரத்துக்குக் கிளை எட்டாததால் தரையிறங்கி ரோட்டைக் கடக்கிறது. வீட்டுக் கூரையிலும் ஏறுகிறது. அதனால் கண்ணில் படுவது சுலபம். அங்கேயும் கேரண்டி என்று யாராவது சொன்னால், பிஸ்கட் போட்டு வரவழைக்கப் போகிறார் என்று அர்த்தம். போடவிடாதீர்கள். தீனிக்காக ரோட்டில் நிற்கும் குரங்குதான் வண்டியில் அடிபட்டுச் சாகிறது. காரை ஓரம்கட்டி, கண்ணாடியை ஏற்றி, உள்ளிருந்தே பாருங்கள்.

பைனாகுலர் 8×42 வாங்குங்கள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம்: இதில் 5 மில்லிமீட்டருக்கு மேல். கையடக்க 10×25-இல் இரண்டரைதான். நிழல் காட்டில் கருப்புக் குரங்கு கரும்புள்ளியாகவே தெரியும். ‘30 மடங்கு’ என்று தெருவில் விற்கும் பொம்மையைத் தொடாதீர்கள். புதுச்சேரி பக்கம் ஊசுடு ஏரியில் இரண்டு காலைப்பொழுது பிள்ளைகளை பைனாகுலரில் பார்க்கப் பழக்கிக் கூட்டிப்போங்கள்.

மே முதல் பாதியில் போவது நல்லது. ஜூனில் மழை பிடித்தால் அட்டை மொய்க்கும். கடித்த அட்டையைப் பிய்க்காமல், நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளி விடுங்கள்; ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயமில்லை.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டால், ஜீப் எந்தப் பெயரில், எந்தத் தேதிக்குப் பதிவாகியிருக்கிறது என்று எழுத்தில் வாங்கி, முக்காலி வனத்துறை அலுவலகத்துக்கு நீங்களே போன் போட்டுச் சரிபாருங்கள்.