நுகர்வோர் கேள்வி-பதில்: படகு சீசன்

வெயில் எட்டிப் பார்த்ததும் வரும் கடிதங்களில் பாதி படகுதான். அதிலும் முக்கால்வாசி, வாங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகு எழுதியவை.

கேள்வி: டெக்சாஸில் பல வருஷமாகப் படகு ஓட்டுகிறேன், வயது 41. இதுவரை யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. வேலை மாறி, படகோடு கலிபோர்னியா போகிறேன். அங்கேயும் இப்படித்தானே?

பதில்: இல்லை. டெக்சாஸில் 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் பாதுகாப்பு வகுப்பு கட்டாயம், அதனால் உங்களை விட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் எஞ்சின் படகு ஓட்டுகிறவர் எந்த வயதானாலும் போட்டர் கார்டு, அதாவது படகோட்டும் சான்று அட்டை, வேண்டும். கட்டணம் 10 டாலர், ஆயுளுக்கும் செல்லும். வகுப்புக்குத் தனியாகச் செலவாகலாம், அந்தந்த மாநிலம் ஏற்றுக்கொண்ட வகுப்புதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: கலிபோர்னியாவில் என் படகுக்கு வந்த பதிவெண் 'சி.ஏ.' என்று தொடங்காமல் 'சி.எஃப்.' என்று தொடங்குகிறது. போலியா?

பதில்: போலி இல்லை. அங்கே படகுக்கு சி.எஃப்.தான். முன்பக்கம் இருபுறமும் ஒட்டுங்கள், எழுத்து 3 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

கேள்வி: புளோரிடாவில் தனி நபர் ஒருவரிடம் 19 அடிப் படகு வாங்கினேன், 11,000 டாலர். டைட்டில் (உரிமைப் பத்திரம்) மாற்றப் போனால், காகிதத்தில் உள்ள எண்ணும் படகில் உள்ள எண்ணும் வேறு என்கிறார்கள். விற்றவர் போனை எடுப்பதில்லை.

பதில்: ரொம்ப வருத்தமாக இருக்கிறது. தப்பு உங்களுடையதில்லை, காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துத்தானே பணம் கொடுத்தீர்கள். இப்போது முதல் வேலை, அந்தப் படகை யாருக்கும் விற்காதீர்கள், தண்ணீரிலும் இறக்காதீர்கள். போலீஸில் எழுத்தில் புகார் கொடுங்கள், வங்கிக்கும் உடனே சொல்லுங்கள், விளம்பரம், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். படகின் எண் 12 எழுத்துகள் கொண்டது, பின்பலகையில் வலது பக்கம் மேலே இருக்கும். 1984 ஆகஸ்டுக்குப் பிறகு கட்டிய படகுகளில் அதே எண் இன்னொரு மறைவான இடத்திலும் இருக்கும். வெளியே சுரண்டி மாற்றியிருந்தாலும் விசாரிக்கிறவர்கள் உள்ளே உள்ளதைத் தேடுவார்கள், உங்கள் படகு யாருடையது என்பது அதில்தான் தெரியவரும். அது திருட்டுப் படகு என்று தெரிந்தால் கையை விட்டுப் போகும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு விற்றவர் மீது வழக்குதான்.

புளோரிடாவில் வாங்கப்போகும் மற்றவர்களுக்கு: விற்பவரையும் கூட்டிக்கொண்டு, டைட்டில் மாற்றித் தரும் கவுண்டி (மாவட்ட) டாக்ஸ் கலெக்டர் அலுவலகத்துக்கே போய், அந்தக் கவுண்டரில் வைத்துப் பணம் கொடுங்கள். நேர்மையானவர் வருவார்.

கேள்வி: படகில் உள்ள பலகையில் அதிகபட்சம் 90 ஹெச்.பி. என்று இருக்கிறது. 115 ஹெச்.பி. எஞ்சின் மலிவாகக் கிடைத்ததால் மாட்டிவிட்டேன். பிரச்சினை வருமா?

பதில்: வரும். கழற்றுங்கள். அந்தப் பலகை அலங்காரத்துக்கு அடித்ததில்லை. ஏதாவது ஆகி இன்சூரன்ஸ்காரர் அதை ஒரு முறை படித்தால் போதும்.

கேள்வி: நியூயார்க்கில் இருக்கிறோம், 18 அடிப் படகு. இணையத்தில் நான்கு லைஃப் ஜாக்கெட் செட்டாக வாங்கினேன், படத்தில் படகும் குடும்பமும் இருந்தது. ஏரியில் ரோந்து வந்தவர்கள் செல்லாது என்று சொல்லி அபராத டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். நான் என்ன செய்வது?

பதில்: டிக்கெட் பணத்தைக் கட்டுங்கள். விற்றவரிடம், படகில் பயன்படுத்தலாம் என்று விளம்பரத்தில் காட்டி விற்றதைச் சொல்லிப் பணம் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் கிரெடிட் கார்டு கம்பெனியிடம் போங்கள்.

இனி என் புலம்பல். நுரையைத் துணியில் தைத்து, மூன்று பக்கிள் வைத்து, 'நீர் விளையாட்டு உடை' என்று பெயர் போட்டு விற்கிறார்கள். கோஸ்ட் கார்டு (அமெரிக்கக் கடலோரக் காவல்படை) அங்கீகாரம் என்று உள்ளே லேபிள் இல்லாவிட்டால் அது சட்டத்தின் கண்ணில் வெறும் சட்டை. விற்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் விளக்கத்தின் கடைசி வரியில் பொடி எழுத்தில் 'உயிர்காக்கும் சாதனம் அல்ல' என்று எழுதிவிட்டு, மேலே பெரிய படத்தில் நடு ஏரியில் ஒரு குழந்தையை உட்கார வைக்கிறார். படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒன்று, அவரவர் அளவில், கிழியாமல், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். 16 அடியும் அதற்கு மேலும் என்றால் தூக்கி எறியும் வகை ஒன்று கூடுதலாக வேண்டும், துடுப்புப் போடும் கனூ, கயாக்குக்கு அந்தக் கூடுதல் ஒன்று வேண்டாம். பிறகு குழந்தைகள் கணக்கு: மத்திய விதி 13 வயதுக்கு உட்பட்டவர்கள் போட்டே இருக்க வேண்டும் என்கிறது, ஆனால் மாநிலம் தனக்கென்று ஒரு வயது வைத்திருந்தால் அங்கே அதுதான் செல்லும். நியூயார்க்கில் 12, புளோரிடாவில் 6. நியூயார்க்கில் நவம்பர் 1 முதல் மே 1 வரை 21 அடிக்குக் குறைந்த படகில் பெரியவர்களும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்தும் பயனில்லாமல் போவதுதான் காரணம்.

ஊதும் வகை நாகரிகமாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: நானும் ஒன்று வாங்கினேன், தண்ணீர் பட்டால் தானாக ஊதும் வகை. ஈரமான ஷெட்டில் தொங்கவிட்டிருந்தேன், ஒரு நாள் இரவு அங்கேயே ஊதிக்கொண்டது. புது சிலிண்டர் செட் விலை, ஜாக்கெட் விலையைப் பார்த்துச் சிரித்தது. யாருக்கு, எந்த விளையாட்டுக்கு ஆகாது என்பது அதன் லேபிளில் இருக்கும், படியுங்கள்.

கேள்வி: தீயணைப்பான் முள் பச்சையில்தான் நிற்கிறது. 2009இல் தயாரித்ததாம். மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றுங்கள். திரும்ப நிரப்ப முடியாத வகைக்குத் தயாரித்த வருஷத்திலிருந்து 12 வருஷம்தான் ஆயுள், 2022 ஏப்ரல் முதல் விதி. பழைய சாமான் விற்பனையில் 'புத்தம் புதுசு' என்று ஒன்றை என் தலையில் கட்டியிருக்கிறார்கள், அதன் அடியில் இருந்த வருஷத்தைப் பார்த்தால் என் மகளைவிட மூத்தது.

கேள்வி: எஞ்சினை நிறுத்தும் கயிறு இல்லாமல் 20 அடிப் படகு விற்றார் டீலர். அது விருப்பப்பட்டால் மாட்டுவது என்கிறார்.

பதில்: பொய். 26 அடிக்குக் குறைந்த படகில், கயிறு இழுபட்டதும் எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச் இருந்தால், வேகமாகப் போகும்போது கயிறு ஓட்டுகிறவர் மேல் இருக்க வேண்டும், 2021 ஏப்ரல் 1 முதல் மத்திய சட்டம். ஓட்டுகிறவர் தூக்கி எறியப்பட்டதும், ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே வந்து ஏறுமே, அதைத் தடுக்கத்தான். கயிறு கேட்டு டீலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஆனால் அவர் தரும்வரை கயிறில்லாமல் ஓட்டாதீர்கள், தனியாகவே மலிவாகக் கிடைக்கும்.

கேள்வி: படகு டீலர் பில்லில் 'பாதுகாப்புப் பரிசோதனைக் கட்டணம்' 250 டாலர் போட்டிருக்கிறார்கள். கட்டாயமா?

பதில்: எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். கோஸ்ட் கார்டு ஆக்ஸிலரி தன்னார்வலர்கள் வந்து இலவசமாகவே பார்க்கிறார்கள், குறை இருந்தால் அபராதமும் கிடையாது.