வாசகர் கேள்வி–பதில்: பழைய பெரிய வண்டியும் அதன் டீசல் பசியும்

கேள்வி: என்னுடையது 18 வருடம் ஓடிய எட்டு இருக்கை டீசல் வண்டி. ஆள் ஏறாமலே 2 டன்னுக்கு மேல் எடை. புதிதில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 7 வந்தால் அதிகம். இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். விற்க மனசு வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: இன்ஜினை இப்போதைக்குத் தொட வேண்டாம். பிரித்தால் செலவு நிச்சயம், மைலேஜ் நிச்சயமில்லை. முதலில் அந்த 7 உண்மையிலேயே 7தானா என்று பாருங்கள். டேங்கை நிரப்பும்போது பம்ப் தானாக நிற்கும் இடத்தோடு விட்டுவிட்டு (வண்டியைக் குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டாம்) ஓடோமீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். முக்கால் டேங்க் தீர்ந்ததும், முடிந்தால் அதே பம்பில், அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். ஒரு தடவையில் ஒன்றிரண்டு லிட்டர் முன்பின் ஆகும், மூன்று டேங்க் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் நம்பலாம். இந்தக் கணக்கு கையில் இல்லாமல் எதைச் சரிசெய்தாலும் பலன் இருந்ததா என்று சொல்ல யாராலும் முடியாது.

ஒரு கிலோமீட்டர் கூடினால் என்ன பெரிசு என்றும் நினைக்காதீர்கள். 1,000 கிலோமீட்டர் ஓட்ட, லிட்டருக்கு 7 என்றால் 143 லிட்டர் வேண்டும், 8 என்றால் 125 போதும். 18 லிட்டர் மிச்சம். லிட்டருக்கு 18 கொடுக்கும் சின்னக் கார் 19-க்கு ஏறினால் அதே தூரத்தில் மிஞ்சுவது 3 லிட்டர்தான். நிறையக் குடிக்கிற வண்டியில்தான் சின்னத் திருத்தத்துக்கும் நல்ல பலன்.

பழைய கனமான வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது பிரேக்கை. காலிப்பர் பின்னோ வீல் சிலிண்டரோ துருப்பிடித்து, மிதித்த பிரேக் முழுசாக விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது, இன்ஜின் மட்டும் நாள் முழுக்க அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகிக்கிடந்தாலும் இதே கதைதான். அதிகம் பிரேக் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ஒர்க்ஷாப்பில் ஜாக்கி போட்டு, நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். வீல் பேரிங்கையும் அதோடு பார்த்துவிடலாம். டயர் ஒரு ஓரமாகவே தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கவில்லை.

அப்புறம் காற்று. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு, உங்கள் வண்டிக்கு உரிய அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், அல்லது கையேட்டில். ஆட்களோடு போவதற்குப் பின் டயர்களுக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள், அதையும் கவனியுங்கள். டயர் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். எல்லா டயரிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் சுமார் 0.2 சதவீதம் போகும், 10 குறைந்து கிடந்தால் 2 சதவீதம். இதைச் சரிசெய்யச் செலவே கிடையாது.

டெம்பரேச்சர் முள் நன்றாக ஓடிய பிறகும் கீழேயே கிடக்கிறதா? இன்ஜின் சூடாகும்வரை குளிர்விக்கும் நீரைத் தடுத்து வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது வண்டி சூடாகிறது என்று சொன்னபோது யாரோ அதைக் கழற்றியே போட்டிருக்கலாம், அப்படிச் செய்கிற மெக்கானிக்குகள் உண்டு. வேண்டிய சூட்டுக்கு வராத இன்ஜின் எரிபொருளைக் கூடுதலாகத்தான் கேட்கும். தெர்மோஸ்டாட் விலை குறைந்த பாகம், மாற்றிவிடுங்கள்.

புகையையும் பாருங்கள். ஏற்றத்தில் கருப்பாகக் கக்கினால், போகிற டீசலுக்குத் தக்க காற்று இல்லை அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. அடைத்த ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து வரும் ஹோஸில் வெடிப்பு, தேய்ந்த இன்ஜெக்டர் நாசில், இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள், செலவும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் ஏறும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. நீலப் புகையும், ஆயில் குறைவதும் இருந்தால்தான் இன்ஜினைச் சந்தேகிக்கலாம். அப்போதும் பிரிப்பதற்கு முன் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்ற சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். எடுக்காமலே பிரிப்போம் என்றால் வேறு மெக்கானிக்கிடம் போங்கள்.

கடைசியாக ஒன்று, இது வண்டியில் இல்லை, உங்கள் காலில் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 100-இல் போகிறவர் 80-க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பு 36 சதவீதம் குறையும். டீசல் அவ்வளவு குறையாது, டயர் உராய்வும் மற்றதும் இருக்கிறதே. ஆனால் உயரமான, முகம் அகலமான வண்டியில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கூரையில் சும்மா கிடக்கும் கேரியரைக் கழற்றி வைத்தால் நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம்.

கேள்வி: மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று பழைய டிரைவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானா?

பதில்: கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் வைத்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும், எரிபொருள் நின்றுவிடும். பழைய பம்ப் டீசலிலும், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இதையேதான் செய்யும். நியூட்ரலில் போட்டீர்களோ, இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் குடிக்கும். லேசான இறக்கத்தில் நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும் என்பது உண்மைதான், அதை வைத்துத்தான் அந்தப் பேச்சு இன்னும் ஓடுகிறது.

ஆனால் 2 டன் வண்டியை மலை இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு இல்லாமல் விட்டால் முழு பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடேறினால் மிதித்தும் நிற்காது. சாவியைத் திருப்பி இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. பவர் ஸ்டியரிங் போய்விடும், இரண்டு மூன்று மிதியில், மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டரும் போய்விடும், சாவி கொஞ்சம் கூடத் திரும்பினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். கீழ் கியரில் இறங்குங்கள்.

கேள்வி: எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றை நண்பர் பரிந்துரைக்கிறார். அவருக்கு மைலேஜ் நன்றாகவே கூடியதாம்.

பதில்: வாங்காதீர்கள். பெட்ரோலோ டீசலோ காந்தத்துக்கு மாறுகிற சரக்கு இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி மைலேஜ் கூட்டுவதாகச் சொல்லும் 100-க்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்துப் பார்த்தது, பெரும்பாலானவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நண்பர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். காசு போட்டு ஒன்றை மாட்டியவர் அடுத்த ஒரு மாதம் மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பதமாக ஓட்டுவார், மைலேஜ் கூடத்தான் செய்யும்.

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குப் பெரிய டயர் போட்டேன். மைலேஜ் படுத்துவிட்டது.

பதில்: பாதி நிஜம், பாதி கணக்குப் பிழை. டயரின் விட்டம் 8 சதவீதம் கூடியிருந்தால், நிஜத்தில் 108 கிலோமீட்டர் ஓடும்போது ஓடோமீட்டர் 100 என்றுதான் காட்டும். அதை வைத்து லிட்டருக்கு 7 என்று போட்டிருந்தால் உண்மையில் ஏறக்குறைய 7.6. செல்போனின் ஜிபிஎஸ் வைத்து நீண்ட தூரம் ஒன்றை ஓட்டி ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டரும் குறைத்தே காட்டும், வேகக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் ஞாபகம் இருக்கட்டும்.

மீதிப் பாதி நிஜம். கனமான டயரைச் சுழற்றச் சக்தி கூட வேண்டும், கரடு முரடான கட்டை உள்ள டயர் என்றால் தார் ரோட்டில் உருளவும் கூடுதல் இழுவை. அத்தோடு, டூ வீல், ஃபோர் வீல் மாற்றும் டிரான்ஸ்ஃபர் லீவர் டூ வீலில்தான் இருக்கிறதா, முன் சக்கரங்களை அச்சோடு இணைக்கும் ஹப் லாக்கிலேயே விட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேற்றிலிருந்து வெளியே வந்த பிறகு திருப்பி வைக்க மறந்தவர்கள் நிறைய.

கேள்வி: ஏசியா, ஜன்னலா?

பதில்: ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஜன்னல், நெடுஞ்சாலையில் ஏசி. வெயிலில் நின்ற வண்டி என்றால் முதல் ஓரிரு நிமிடம் ஜன்னலைத் திறந்து வைத்து அனலை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள்.

கேள்வி: தினமும் காலையில் 10 நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கிவிட்டுத்தான் எடுப்பேன். அது வீணா?

பதில்: வீண்தான். பெரிய இன்ஜின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு 1 முதல் 2 லிட்டர் வரை குடிக்கும், இன்ஜினும் நின்றபடி சீக்கிரம் சூடாகாது. அரை நிமிடம் விட்டுவிட்டு, முதல் சில கிலோமீட்டர் இன்ஜினை முறுக்காமல் ஓட்டுங்கள், கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும்கூட ஓடினால்தான் சூடாகும். பக்கத்துத் தெருவுக்குப் போகும் சின்னச் சின்ன வேலைகளை முடிந்தால் ஒரே நடையில் முடித்துக்கொள்ளுங்கள், ஆறிய இன்ஜினோடு ஓடுகிற தூரத்தில்தான் மைலேஜ் மிக மோசம். டர்போ வண்டி என்றால் மட்டும், நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். அது டர்போவின் ஆயுளுக்கு.