வேளச்சேரி வாடகை: பதறி ஒப்புக்கொள்ள வேண்டாம்

ஒப்பந்தம் முடிய 5 மாதம் இருக்க, வீட்டுக்காரர் 14,000 வாடகையை 18,000 ஆக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பதறாதீர்கள் நண்பரே. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் வாடகையை ஏற்றலாம். பழைய வாடகையை வங்கி வழியாகவே கட்டிவாருங்கள், அதுதான் சாட்சி.

அப்புறம், ஒப்பந்தம் முடிந்து வேறு வீடு பார்ப்பதானால், உங்கள் வேலை கிண்டியில் என்பதால் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் தேடுங்கள். மின்சார ரயிலில் நேரே வந்து இறங்கலாம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷனிலிருந்து தெருத் தெருவாக நடந்து, கேட்டில் தொங்கிய டு-லெட் அட்டையைப் பார்த்துத்தான் வீடு பிடித்தோம். தரகுக் காசு மிச்சம். சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் கேன் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காலி செய்யும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார் என்பதை எழுத்தில் வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.