எச்.பி.எல்.சி. கருவியைத் தேர்ந்தெடுத்தல்: வடசென்னை ஆய்வகங்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ராயபுரம்: ஐயா, காசிமேட்டு மீன்களில், மீன் கெடும்போது உண்டாகும் நச்சுப் பொருளான ஹிஸ்டமினை அளக்க எச்.பி.எல்.சி. (கலவையை உயர் அழுத்தத் திரவ ஓட்டத்தில் பிரித்து அளக்கும் கருவி) வாங்கவிருக்கிறோம். அதில் கலவையைப் பிரிக்கும், நுண்துகள் நிரப்பிய பிரிகைக் குழாய்களில் எது பொருந்தும்?

பதில்: குழாய்க்கு முன்னதாக, பிரிந்து வரும் பொருளைக் கண்டறியும் டிடெக்டரை முடிவு செய்யுங்கள். ஹிஸ்டமின் புற ஊதாக் கதிரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். டான்சைல் குளோரைடுடன் வினைபுரியச் செய்தால் 254 நானோமீட்டரில் சாதாரண யு.வி. (புற ஊதா) டிடெக்டரே போதும், ஆர்த்தோ-தாலால்டிஹைடு முறைக்கு ஒளிர்வை அளக்கும் ஃப்ளூரசன்ஸ் டிடெக்டர் வேண்டும். இரண்டுக்கும் சி18 குழாய் (18 கார்பன் சங்கிலி பிணைத்த துகள்கள் நிரப்பியது) பொருந்தும்.

மாதவரம்: மாத்திரைப் பரிசோதனைக்கு 250 மி.மீ. நீளமும் 5 மைக்ரான் துகளும் கொண்ட குழாயைப் பயன்படுத்துகிறோம். எங்கள் பம்ப் 400 பார் அழுத்தம் வரை தாங்கும். 1.8 மைக்ரானுக்கு மாறும்படி விற்பனையாளர் வற்புறுத்துகிறார். மாறலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். குழாயின் நீளமும் ஓட்ட வேகமும் மாறாதிருந்தால், அழுத்தம் துகள் அளவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் உயரும். 5 மைக்ரானிலிருந்து 1.8 மைக்ரானுக்குப் போனால் அது ஏறத்தாழ 7.7 மடங்காகும். குட்டையான குழாயைப் போட்டு அழுத்தத்தைச் சமாளித்தாலும், பழைய கருவியின் இணைப்புகளிலும் டிடெக்டர் செல்லிலும் உள்ள வெற்றுக் கொள்ளளவு பீக்குகளை (வரைபடத்தில் ஒவ்வொரு பொருளையும் காட்டும் முகடுகளை) அகலமாக்கி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கூர்மையைக் கரைத்துவிடும். விலைப்பட்டியலில் இந்தச் செய்தி இடம்பெறுவதில்லை. மாறாக, அதே 4.6 மி.மீ. விட்டத்தில் 150 மி.மீ. நீளமுள்ள 3 மைக்ரான் குழாயை வாங்குங்கள். நீளத்தைத் துகள் அளவால் வகுத்தால் பழைய குழாய்க்கும் இதற்கும் 50,000 என்றே வருவதால், பிரிதிறன் பெரும்பாலும் குறையாது. அதே ஓட்டத்தில் நேரமும் கரைப்பானும் 40 விழுக்காடு மிச்சமாகும். அழுத்தம் சுமார் 1.7 மடங்காகும், அதாவது இன்று 120 பார் காட்டினால் நாளை 200 பார் காட்டும், அதைப் பம்ப் தாங்கும். ஆயினும் நீங்கள் பின்பற்றுவது மருந்து நூலில் (மருந்துகளின் அதிகாரபூர்வத் தர நூலில்) உள்ள முறையானால், இந்த மாற்றத்தை அது அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டே ஆர்டர் கொடுங்கள்.

மணலி: கழிவுநீரில் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களைச் சோதிக்கிறோம். அவற்றில் கிரைசீனும் பென்ஸ்ஆந்த்ரசீனும் பிரியாமல் ஒட்டியே வருகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டின் மூலக்கூறு நிறையும் ஒன்றே, வடிவம்தான் வேறு. பாலிமர் முறையில் பிணைக்கப்பட்ட சி18 குழாய் வடிவ வேறுபாட்டை உணரும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

எண்ணூர்: பாஸ்பேட் பஃபருடன் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் உப்புக் கரைசல்) ஓட்டும்போது அழுத்தம் வாரந்தோறும் ஏறுகிறது. காவல் குழாய் (முதன்மைக் குழாய்க்கு முன்னால் பொருத்தும் சிறு குழாய்) போட்டால் சரியாகுமா?

பதில்: மாதிரியின் அழுக்கைக் காவல் குழாய் தடுக்கும், உப்புப் படிவதைத் தடுக்காது. கரைப்பானான அசிட்டோநைட்ரைல் மிகும்போது பாஸ்பேட் படிந்துவிடும் என்பதால், வேலை முடிந்ததும் முதலில் பஃபர் கலவாத, நீர் மிகுந்த கரைசலால் கழுவி, அதன் பிறகே அசிட்டோநைட்ரைலுக்கு மாறுங்கள். இரவில் மின்சாரம் போய் பஃபர் உள்ளேயே தேங்குவதும் உண்டு. ஆகவே புதிய கருவிக்குப் பணம் ஒதுக்கும்போது, கழுவி முடிக்கும் நேரம் வரை தாங்கும் யு.பி.எஸ்.ஸையும் சேர்த்துக் கேளுங்கள்.